றோட்டில் எண்ண வந்தவர்

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். வாய் நீளமில்லாதவர்கள் போட்ட பெட்டிச மனுவுக்கு மட்டும் அரசாங்கக் கந்தோரில் உடனே பதில் போட்டுவிட்டார்களா? நான் நாலு வருசத்தில் பதினொரு பெட்டிசம் போட்டவள். பதினொன்றுக்கும் பதில் வரவில்லை, அது வேறு கதை. வவுனியாவில் கிளாக்கராயிருந்து மாதத்துக்கு ஒருமுறை வருகிற என் மனிசன் நமசிவாயம், நான் எழுதி வைத்திருப்பதை எடுத்து எழுத்துப்பிழை திருத்திவிட்டுப் போவார். கிளாக்கருக்கு அதைவிட என்ன தெரியும்.

பெட்டிசம் எங்கள் வீட்டு முன் றோட்டுக்காக. காங்கேசன்துறை வீதி இணுவிலில் எங்கள் வாசல் படலையடியில் வளைந்து போகிறது. இந்தப் பக்கம் வீடு, எதிர்ப்பக்கம் பள்ளிக்கூடம். எண்பதாம் ஆண்டு ஒரு வெங்காய லொறி அந்த வளைவில் என் மகள் அருந்ததியின் இடது காலில் ஏறிவிட்டு, நிற்காமலே போனது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. காலை வெட்டாமல் காப்பாற்றித் தந்தார்கள். ஆனால் மற்றப் பிள்ளைகள் ஓடிக் கடக்கிற றோட்டை அவள் காலை இழுத்து இழுத்துத்தான் கடக்க வேண்டும். வளைவுக்கு அப்பால் வருகிற லொறிக்காரனுக்கு அவள் தெரியமாட்டாள். அவளுக்கும் லொறி தெரியாது. அதனால் காலையில் ஒருமுறை, பள்ளிக்கூடம் விட்டதும் ஒருமுறை, தையல் மெசினை விட்டு எழும்பிப் போய் நானே கையைப் பிடித்துக் கடத்திவிடுவேன். நான் கேட்டதெல்லாம் ஒரு வெள்ளைக் கோட்டுக் கடவை, இரண்டு பக்கமும் வேகத்தைக் குறைக்க ஒரு மேடு, வளைவில் கொஞ்சம் கம்பித் தடுப்பு. ஆகாயத்தில் கப்பல் ஓட்டச் சொல்லவில்லை.

எண்பத்துநாலு வைகாசியில் ஒரு திங்கட்கிழமை காலை, அருந்ததியைக் கடத்திவிட்டுத் திரும்பினால், பள்ளிக்கூட மதிலோடு நிற்கிற பூவரசின் கீழே ஒரு மனிதர் மடக்குக் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார். அறுபது வயது இருக்கும். வெள்ளைக் காற்சட்டை, கறுப்புக் குடை, மடியில் நீட்டுப் புத்தகம், கையில் பென்சில். ஒரு லொறி போனது, ஒரு கோடு கீறினார். ஒரு மினிபஸ் போனது, இன்னொரு கட்டத்தில் ஒரு கோடு. சண்டை தொடங்கியிருந்த அந்த நாளில் றோட்டோரம் புத்தகத்தோடு ஒருவர் குந்தியிருந்தால் யாருக்குத்தான் பயம் வராது?

நேரே போய்க் கேட்டேன்.

"ஆரைப் பாக்க வந்தனீங்கள் ஐயா?"

"ஒருத்தரையும் பாக்க வரேல்லைப் பிள்ளை. வாகனம் எண்ண வந்தனான்."

"ஆர் எண்ணச் சொன்னது?"

"றோட்டுக் கந்தோராலை. மூண்டு நாளைக்கு, காலமை ஆறு மணியிலையிருந்து பின்னேரம் ஆறு மணி மட்டும்."

"எண்ணி என்ன செய்யப் போயினம்?"

அவர் பென்சில் முனையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "அதைச் சொல்லக்கூடாதெண்டு கட்டளை."

பெயர் கேட்டேன். சிமியோன் என்றார். மானிப்பாய்ப் பக்கத்து வேதக்காரர். மரியாதையான மனிதர்தான், குரலில் ஒரு குழைவும் இல்லை, எடுப்பும் இல்லை. ஆனால் மரியாதையை வைத்து நான் என்ன செய்வது? சொல்லக்கூடாத சங்கதி என்றால் நல்ல சங்கதியாக இருக்குமா? ஊருக்குள் கந்தோர்க்காரன் புத்தகத்தோடு வந்து எதையாவது எண்ணினால் அது எடுப்பதற்குத்தான். கொடுப்பதற்கு எண்ணியதை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.

மெசினில் குந்திக்கொண்டு யோசித்தேன். தையல் ஓடவில்லை. வாகனத்தை எண்ணுகிறார்கள். வாகனம் கூட என்று கண்டால் றோட்டு காணாது என்பார்கள். காணாது என்றால் அகட்டுவார்கள். அகட்டினால் எங்கள் வேலி போகும், முன் விறாந்தையும் போகும். போனால் போகட்டும், அகட்டின றோட்டில் லொறிக்காரன் இன்னும் ரெண்டு மடங்கு வேகத்தில் வருவானே. நாலு முழ அகலம் கூடினால் என் பிள்ளை இன்னும் எத்தனை எட்டு வைக்க வேண்டும்? மேடு போடு என்று கேட்டவளுக்கு அகலப் பாதை போட்டுத் தரப்போகிறார்கள். கோதாரி விழுவாங்கள் என்று வாய்விட்டே திட்டினேன்.

பக்கத்து வீட்டுச் செல்வநாயகியிடம் சொன்னதுதான் தாமதம், அவள் வேலிக் கதியால் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"எங்கடை வேலியிலை கை வைக்கட்டும் பாப்பம்," என்றாள். "கோட்டுக்குப் போவன்."

எங்கள் ஊரில் எதையும் பொறுப்பார்கள், வேலியை மட்டும் பொறுக்க மாட்டார்கள். அதிலும் செல்வநாயகிக்கு வேறு பயம். போன வருசம் வேலி அடைத்தபோது அவள் கதியாலை ஒரு முழம் றோட்டுப் பக்கம் தள்ளி நட்டவள். அளக்க வந்தால் அந்த முழம் வெளியில் வரும். நானும் அரை முழம் தள்ளியிருக்கிறேன், அதை இப்போது பேச வேண்டாம்.

மினிபஸ் தியாகராசா அண்ணைக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்கு நாலு மினிபஸ், ரெண்டு லொறி. மினிபஸ்ஸில் ரெண்டுக்குத்தான் பெர்மிட். "உது வீதிக்குமில்லை, வேலிக்குமில்லை," என்றார். "உது பெர்மிட் இல்லாததைப் பிடிக்கிறதுக்கு. எனக்குத் தெரியாதே?" ஒவ்வொருவருக்கும் அவரவர் பயம். நான் ஒருவருடைய பயத்தையும் மறுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஓமோம் என்று தலையாட்டி எண்ணெய் ஊற்றினேன். இன்னும் ரெண்டு பேர் வேறு ஒரு கதையைத் தொடங்கினார்கள், இந்த ஆள் வாகனத்தை எண்ணி ஆமிக்குக் கொடுக்கிறானோ என்று. அதை மட்டும் நான் விடவில்லை. "அந்தச் சொல்லை இன்னொருக்கால் வாயிலை எடுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அது ஒரு மனிசன்ரை உயிரை எடுக்கிற கதை," என்றேன். அடங்கினார்கள்.

ஆளை ஒன்றும் செய்யக்கூடாது, எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் செய்ய வேண்டும். அதுதான் என் திட்டம். எங்கள் வீட்டுக்குக் கால் மைல் தெற்கே மடத்தடி ஒழுங்கை என்கிற சின்னப் பாதை றோட்டிலிருந்து பிரிந்து, தோட்டங்களுக்கு நடுவால் போய், பள்ளிக்கூடத்துக்கு வடக்கே திரும்பவும் றோட்டில் ஏறும். லொறி மட்டுமட்டாகப் போகலாம். ஒழுங்கையின் இரண்டு முனையிலும் தியாகராசா அண்ணையின் ஆட்கள் நின்று கையைக் காட்டி, "முன்னுக்குச் செக்கிங்" என்று ஒரு சொல் சொன்னார்கள். ஆமி மறித்துச் சோதிக்கிற அந்த நாளில் அந்த ஒரு சொல் போதும். ஒரு சாரதியும் எங்கே, யார், எத்தனை பேர் என்று கேட்கவில்லை. பேசாமல் ஒழுங்கைக்குள் திருப்பினார்கள்.

திங்கள் மத்தியானத்தோடு எங்கள் றோட்டு வெறிச்சோடிப் போனது. அரசாங்க பஸ் வரும், சைக்கிள்கள் வரும், அவ்வளவுதான். சிமியோன் ஐயா பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விறாந்தையில் இருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு நல்ல சந்தோசம். நாலு வருசமாகக் கந்தோர் என்னை ஏமாற்றிப் பேய்க்காட்டியது, இப்போது நான் கந்தோரைப் பேய்க்காட்டுகிறேன். பாவம் என்று பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் பால் விடாத பிளேன்ரீ கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுவும் பாவம் பார்த்து மட்டுமில்லை, புத்தகத்தில் எத்தனை கோடு என்று எட்டிப் பார்க்கத்தான். செவ்வாய்க்கிழமை பின்னேரம் லொறிக் கட்டத்தில் மூன்றே மூன்று கோடு. அன்றிரவு ஆறுதலாகப் படுத்தேன்.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு இன்னொரு ரீ கொண்டுபோனபோது அவர் கிளாசை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, குடிக்காமல் இருந்தார்.

"என்ன ஐயா, சுகமில்லையோ?"

"இண்டையோடை முடியுது பிள்ளை. இனிச் சொன்னால் என்ன," என்றார். "உந்தப் பள்ளிக்கூடத்தடியிலை ஒரு கடவை போடக் காசு ஒதுக்க யோசிச்சவை. கடவை, மேடு, கம்பித் தடுப்பு எல்லாம். இந்த வருசம் ஒரு இடத்துக்குத்தான் காசு இருக்கு. உந்த இடம் ஒண்டு, வேறையும் ரெண்டு இடம். எங்கை லொறியும் பஸ்சும் கூட ஓடுதோ அங்கை போடுறதெண்டு முடிவு. உந்த இடம்தான் வருமெண்டு எஞ்சினியரே சொன்னவர். இப்ப பாருங்கோ, சுடலை றோட்டிலை கூட இதைவிட ஓடும்."

"அதை ஏன் ஐயா முதலே சொல்லேல்லை?"

"முந்தி ஒரு ஊரிலை சொல்லிப்போட்டம். கடவை வேணுமெண்டு சனம் ஒரே லொறியை ஏழு தரம் சுத்தி ஓட விட்டவை. அதுக்குப் பிறகுதான் சொல்லக்கூடாதெண்டு கட்டளை." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆரோ ஒரு அம்மாவாம், நாலு வருசமா விடாமல் பெட்டிசம் போட்டவ. அவவின்ரை கரைச்சல் தாங்கேலாமல்தான் இந்த இடத்தையே சேர்த்தவை. அவவுக்குத்தான் எனக்குக் கவலை."

நான் அந்தப் பூவரசின் வேரில் குந்திவிட்டேன். எனக்கு வெட்கம், பயம், அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. மறைக்கவில்லை. நான்தான் அந்தப் பெட்டிசக்காரி, நான்தான் வாகனங்களைத் திருப்பிவிட்டேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் திட்டவில்லை.

"நீங்கள் சொன்னதை நான் எழுத ஏலாது," என்றார். "மறிச்சவை ஆரெண்டு கேட்பினம், கடதாசி பொலிசுக்குப் போகும். இந்தக் காலத்திலை அது வேண்டாம். ஒண்டு செய்யலாம். ஒரு மணித்தியாலம், ஒரே ஒரு மணித்தியாலம் றோட்டு வழமையா ஓடினதை என்ரை கண்ணாலை கண்டு கீறினால், மற்ற நாள் கணக்கு வழமைக்கு மாறு, திரும்ப எண்ண வேணுமெண்டு கீழே ஒரு குறிப்புப் போடலாம். எனக்கு அதுக்கு உரிமை இருக்கு. ஆனால் காணாததை நான் எழுதமாட்டன்."

"ஒரு மணிக்குள்ளை ஓட வைக்கிறன் ஐயா," என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

தியாகராசா அண்ணை ஒழுங்கை முனையில் மினிபஸ் ஒன்றின் நிழலில் நின்றார். மூச்சு வாங்கச் சங்கதியைச் சொன்னேன். அவர் முகம் மாறிக்கொண்டு வந்தது.

"திங்கக்கிழமை றோட்டு அகட்டப் போறாங்கள் எண்டாய். இண்டைக்குக் கடவை எண்டுறாய்," என்றார். "மூண்டு நாளா அந்த ஆளுக்குத் தேத்தண்ணி குடுத்துக் குடுத்து என்ன கதைச்சனி? உனக்கு எவ்வளவு தந்தவங்கள்?"

"அண்ணை, என்ரை பிள்ளையின்ரை காலிலை சத்தியமாச் சொல்லுறன்."

"சத்தியத்தை நீயே வைச்சிரு. என்ரை வண்டியை அவன்ரை புத்தகத்திலை ஏத்த நான் விசரன் இல்லை."

செல்வநாயகியிடம் ஓடினேன். அவள் படலையைத் திறக்காமலே கதைத்தாள். "வேலிக்கு நட்டஈடு உனக்கு மட்டும் தாறதெண்டு சொன்னவங்களோ?" என்று கேட்டாள். அவளுடைய பயத்துக்கு எண்ணெய் ஊற்றியவள் நான்தானே. இப்போது அது என் மேலேயே எரிந்தது. யாரை நோவது?

சரி, ஊர் வேண்டாம், சாரதிகளிடமே சொல்வோம் என்று றோட்டுக்கு வந்தேன். ஒழுங்கைக்குத் திருப்ப வந்த ஒரு கல் லொறியை மறித்து, செக்கிங் இல்லை, நேரே போ தம்பி என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "இல்லையெண்டு சொல்ல உன்னை ஆர் இதிலை நிப்பாட்டினது?" என்று கேட்டுவிட்டு ஒழுங்கைக்குள்ளேயே விட்டான். அடுத்தவனும் அப்படியே. அதற்கடுத்தவன் நிறுத்தவே இல்லை. ஒரு மணி கடந்துவிட்டது. நான் நடு றோட்டில் நின்று உண்மையைக் கத்துகிறேன், ஒரு நாசமறுவானும் நம்புகிறானில்லை. கோபத்தில் எனக்குக் கண் தெரியவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அடுத்து வந்த சீமெந்து லொறியின் ஜன்னலடியில் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "செக்கிங்காரர் சாப்பிடப் போயிட்டினம் தம்பி. திரும்பி வாறதுக்குள்ளை கெதியாப் போங்கோ. நேரே, கெதியா."

அவன் தலையாட்டினான். கியரைப் போட்டு நேரே விட்டான்.

பின்னால் வந்தவனுக்கும் அதையே சொன்னேன். அதற்குப் பின்னால் வந்தவனுக்கும். ஒழுங்கைக்குள் நுழைந்து நெருக்குப்பட்டு நின்றவர்கள் கூடக் கேள்விப்பட்டுப் பின்னுக்கு எடுத்துத் திரும்பி வந்தார்கள். லொறி, மினிபஸ், ட்ராக்டர், வாடகைக் கார். மூன்று நாள் அடைபட்டுக் கிடந்த றோட்டு ஒரேயடியாகத் திறந்தது. கெதியாப் போங்கோ, கெதியாப் போங்கோ என்று கையை வீசி வீசி விரட்டினேன். புழுதிக்குள் நின்று நானே எண்ணினேன். பத்து, பதினைந்து, இருபத்துரெண்டு. எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. முப்பத்தொன்று என்று எண்ணும்போதுதான் வளைவுப் பக்கமிருந்து பிரேக் பிடித்த சத்தம் வந்தது. நீட்டாக, அறுந்துபோகிற மாதிரி. அதற்குப் பிறகு பள்ளிக்கூட மணி அடித்தது.

பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். கால் ஏலாத பிள்ளை என்று அருந்ததியை மணியடிக்குமுன்பே விட்டுவிடுவார்கள், நான் படலையில் நிற்பேன் என்ற நம்பிக்கையில். நாலு வருசத்தில் நான் நிற்காமல் விட்ட நாள் அது ஒன்றுதான்.

அந்தக் கால் மைலை எப்படி ஓடினேன் என்று தெரியாது. செருப்பு எங்கே போனதென்றும் தெரியாது. வளைவில் ஒரு லொறி குறுக்கே நின்றது, சாரதி இறங்கித் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். சில்லுக்கடியில் கறுப்பாக என்னவோ நசிந்து கிடந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அது குடை.

அருந்ததி மதிலோரம் நிலத்தில் இருந்தாள். முழுதாக இருந்தாள். முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. பக்கத்தில் சிமியோன் ஐயா, காற்சட்டை முழங்காலில் கிழிந்து இரத்தம் வழிய, கண்ணாடி இல்லாமல், மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு இருந்தார். அவருடைய ஒரு கை இன்னும் என் பிள்ளையின் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது.

"முதல் லொறி வரேக்கையே நடு றோட்டிலை நிண்டிட்டன் அம்மா," என்றாள் அருந்ததி. "முன்னுக்கும் போகேலாது, பின்னுக்கும் போகேலாது. விடாமல் வந்துகொண்டே இருந்தது. ஏனம்மா எல்லாரும் இண்டைக்கு இவ்வளவு வேகம்?"

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தலையைத் தடவினேன், காலைத் தடவினேன், திரும்பவும் தலையைத் தடவினேன். விபத்தாம் என்ற கதை அதற்குள் தெற்கே போய்ச் சேர்ந்துவிட்டது. வந்துகொண்டிருந்த வாகனங்கள் எல்லாம் மறுபடி ஒழுங்கைக்குள் இறங்கிவிட்டன. ஆறு மணி வரைக்கும் இனி இந்த றோட்டில் ஒன்றும் வராது என்று எனக்குத் தெரியும்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பிள்ளை உயிரோடு மடியில் இருக்கும்போதே நான் கேட்டேன்.

"ஐயா, எத்தினை கீறினீங்கள்?"

அவர் எட்டிப் புத்தகத்தை எடுத்து, மண்ணைத் தட்டி, என் பக்கம் திருப்பினார். ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை என்ற வரிசை. லொறிக் கட்டம் வெறுமையாக இருந்தது. மினிபஸ், ட்ராக்டர், கார், எல்லாம் வெறுமை. கடைசியில், றோட்டைக் கடந்தவர் என்ற கட்டத்தில் மட்டும் ஒரு கோடு இருந்தது.

"முப்பத்தொண்டு ஐயா. நான் எண்ணினனான். உங்கடை கண்ணுக்கு முன்னாலைதானே எல்லாம் போனது."

"போனதுதான் பிள்ளை," என்றார். "நான் அதுகளைப் பாக்கேல்லை. உங்கடை மகளைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."